அறுவைக்குப் பின் ரத்தச் சர்க்கரை: இறுக்கிப் பிடிப்பதா, விட்டுப் பிடிப்பதா?

பெரிய அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் ரத்தச் சர்க்கரை 180, 200 என்று ஏறி நிற்பதுண்டு. உடலுக்குக் கத்தி பட்டால் அது காயம்தான். சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களான கார்ட்டிசால், அட்ரினலின், குளுக்ககான் மூன்றும் கூடுகின்றன. தசைப் புரதம் கரைந்து அமினோ அமிலமாகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அது குளுக்கோஸ் ஆகிறது. இன்சுலின் சுரந்தாலும் தசை அதன் பேச்சைக் கேட்பதில்லை. சிக்கல் எதுவும் இல்லாத வயிற்று அறுவைக்குப் பிறகும் இந்த இன்சுலின் எதிர்ப்பு இரண்டு மூன்று வாரம் நீடிக்கலாம்.

இதை எந்த அளவில் நிறுத்துவது என்பதில் இரண்டு கட்சிகள். 100 மில்லி ரத்தத்துக்கு 80 முதல் 110 மில்லிகிராமுக்குள் இறுக்கிப் பிடி என்பது ஒன்று. 180 வரை விடு, தாண்டினால் இன்சுலின் கொடு என்பது இன்னொன்று.

முதல் கட்சிக்குப் பலம் தந்தது 2001-ல் பெல்ஜியத்தின் லூவனில் கிரீட் வான் டென் பெர்கே குழு வெளியிட்ட ஆய்வு. அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1,548 பேர். இறுக்கிப் பிடித்ததில் அங்கேயே இறந்தவர்கள் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தார்கள். சர்க்கரை கூடினால் வெள்ளணுக்கள் மந்தமாகும், தொற்று பெருகும் என்ற வாதத்துக்கு இது தோதாக இருந்தது. உலகம் முழுக்க இன்சுலின் பம்புகள் ஓட ஆரம்பித்தன.

2009-ல், பல நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து நடத்திய நைஸ்-சுகர் ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில், இறுக்கிப் பிடித்த பக்கம் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம், விட்டுப் பிடித்த பக்கம் 24.9. சர்க்கரை 40-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிய ஆபத்து 6.8 சதவீதம், மறுபக்கம் வெறும் 0.5. மயக்கத்தில் கிடப்பவர் வியர்க்கிறது, படபடக்கிறது என்று வாய் திறந்து சொல்ல மாட்டார் இல்லையா! இதில் அறுவை அல்லாத நோயாளிகளும் உண்டு. ஆனால் அறுவை நோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தாலும் இறுக்கிய பக்கம் தேறவில்லை.

சரி, ஏன் இந்த முரண்? என் கணிப்பில் பெரிய பங்கு உணவுக்குத்தான். லூவனில் சேர்ந்த முதல் நாளே நரம்பு வழியாக 200 முதல் 300 கிராம் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு கையால் சர்க்கரையைக் கொட்டிவிட்டு மறுகையால் இன்சுலினைக் கொடுத்தால், இன்சுலின் உயிர்காப்பானாகத் தெரியத்தானே செய்யும்? நைஸ்-சுகரில் பெரும்பாலும் குழாய் வழியாக வயிற்றுக்கே உணவு. அப்புறம் 2023-ல் லூவன் குழுவே, தொடக்கத்தில் நரம்பு வழி ஊட்டம் இல்லாமல் 9,230 பேரிடம் மறுபடி சோதித்தது. 80-110 ஒரு பக்கம், 215 தாண்டினால் மட்டும் இன்சுலின் மறுபக்கம். கணினி வழிகாட்டியதால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போனது அரிதுதான். ஆனால் தீவிர சிகிச்சையில் இருந்த நாட்களிலும் இறப்பிலும் வித்தியாசமே இல்லை. தாங்கள் கட்டிய கோட்டையைத் தாங்களே தட்டிப் பார்த்த நேர்மைக்கு ஒரு சலாம்.

என் ஓட்டு விட்டுப் பிடிப்பதற்கே: 140-க்கும் 180-க்கும் நடுவில். அதற்காக 250 வரை வேடிக்கை பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. அறுவைப் புண்ணில் தொற்றைத் தவிர்க்க 200-க்குள் வைக்கச் சொல்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் 2017 வழிகாட்டி. இறுக்கிப் பிடிக்க மணிக்கொரு தரம் அளக்கும் செவிலியரும் பிசகாத கருவியும் வேண்டும். அவ்வளவு உழைப்புக்குக் கைமேல் பலன் காணோம். வலியை நன்றாக அடக்குவது, வாய் வழியாகச் சீக்கிரம் சாப்பிட வைப்பது, எழுந்து நடக்க வைப்பது எல்லாம் இன்சுலின் தேவையையே குறைக்கும்.

இரண்டு விதிவிலக்குகள். உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்கு, எந்த இலக்கு வைத்தாலும், சாப்பிடாத நாளிலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. பல வருடம் 250-லேயே வாழ்ந்தவரின் உடல் 110-ஐயே தாழ்சர்க்கரையாக எடுத்துக்கொள்ளும். அவருக்கு 180-க்குச் சற்று மேலே நிறுத்தினாலும் தப்பில்லை.