பெரிதாக்கிய காம்ப்ளெக்ஸ்: கடைகளுக்கு நாலு ஸ்டார், கேட்டுக்கு ஒன்று

தென்சென்னையில் எங்கள் ஏரியா ஷாப்பிங் காம்ப்ளெக்ஸைப் பின்னால் இருந்த காலி மனையையும் சேர்த்துப் பெரிதாக்கித் திறந்திருக்கிறார்கள். பெயர் போடவில்லை, அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். கடைகளைப் பற்றிக் குறை சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. காய்கறி சாயங்காலம் போனாலும் வாடாமல் கிடைக்கிறது, மருந்துக்கடை பெரிதாகிவிட்டது, பழைய ஆல்டரேஷன் டெய்லரைத் துரத்திவிடாமல் மாடிப்படிக்குக் கீழே இடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்கே ஒரு ஸ்டார் போடலாம். ஃபுட் கோர்ட் சுமார். டிபன் விலை கொஞ்சம் கூடுதல்.

பிரச்சினை கேட்டில்தான். சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே நுழைய நிற்கும் கார் வரிசை பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போகிறது, பஸ் நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றுகிறது, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான். சரி, பார்க்கிங் பற்றவில்லை போல என்று உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டாவது பேஸ்மென்ட்டில் பாதி காலி! இடம் இருக்கிறது, இடத்துக்குப் போகும் வழிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது.

காரணம் ரொம்பச் சின்னது. டோக்கன் கொடுக்கும் தடுப்புக் கட்டையை ரோட்டு ஓரத்திலேயே, கேட்டிலிருந்து இரண்டு கார் நீளத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு காருக்கு 20 வினாடி என்று வைத்தாலும் மணிக்கு 180 கார்தான் உள்ளே போக முடியும், சில்லறைத் தகராறு வந்தால் அதுவும் கிடையாது. நிற்கிற கார் ஒன்றுக்கு இடைவெளியோடு 6 மீட்டர் என்றால் பத்து கார் சேர்ந்ததும் 60 மீட்டர் ரோடு போச்சு. அந்தக் கட்டையைச் சரிவுப் பாதை முடிகிற இடத்துக்குத் தள்ளி, பணத்தை வெளியே போகும்போது வாங்கினால் வரிசை அவர்கள் இடத்துக்குள்ளேயே நிற்கும். செங்கல் செலவுகூட இல்லை.

கட்டுவதற்கு முன்னால் போக்குவரத்து ஆய்வெல்லாம் நடந்தது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொன்னார்கள், அதன் நகலையும் காட்டினார்கள். வண்டிகளை எண்ணியது வார நாளில். அலுவலகங்கள் இருக்கும் ரோட்டுக்கு அது சரி, காய்கறியும் துணியும் விற்கிற இடத்துக்குச் சனி ஞாயிறு எண்ணாமல் என்ன ஆய்வு?

இன்னொரு கணக்கும் அதில் இருந்தது. வருகிற வண்டி எல்லாமே புதிது இல்லை, ஏற்கெனவே அந்த ரோட்டில் வீட்டுக்குப் போகிறவர்கள் வழியில் நிறுத்திப் பால் வாங்கிப் போகிறார்கள், அதனால் அவர்களைக் கழித்துவிடலாம் என்பது. அமெரிக்காவில் ஐடிஇ என்ற போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பின் கையேட்டின் முந்தைய பதிப்பில் ஷாப்பிங் சென்டர்களுக்கு வார நாள் மாலை நெரிசல் நேரத்தில் இந்தப் பங்கு சராசரியாக 34 சதவீதம் என்று இருந்தது. நியாயமான கழிவுதான், ஆனால் ரோட்டுக்கு மட்டும். வழியில் நிறுத்துகிறவரும் அதே கேட்டில்தானே திரும்பி உள்ளே போய் வெளியே வரவேண்டும்? கேட்டுக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

ஆட்டோ விஷயமும் இப்படித்தான். ரோட்டுக்கான தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு வழிகாட்டியில் கார் 1 என்றால் பைக் 0.5 அல்லது 0.75, ஆட்டோ 1.2 முதல் 2 வரை, பஸ் 2.2 முதல் 3.7 வரை என்று ரோட்டில் அடைக்கிற இடத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள், ஆனால் அது ஓடுகிற வண்டிக்குத்தான். சவாரிக்காக வாசலிலேயே நிற்கிற ஆட்டோவும் பார்சல் எடுக்க வந்து வரிசையாக நிற்கிற டெலிவரி பைக்குகளும் ஒரு லேனை முழுசாகச் சாப்பிடுகின்றன, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நிற்க வேறு இடமே கொடுக்கவில்லை. காம்ப்ளெக்ஸுக்குப் பின்சந்தில் ஒரு வழி இருக்கிறது, அதில் ஜெனரேட்டரை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பைக்குகளை அந்தப் பக்கம் விட்டாலே முன்வாசல் பாதி மூச்சு விடும். சரக்கு லாரி வேறு பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்தில்தான் ரிவர்ஸ் எடுக்கிறது. காலை ஏழு மணிக்குள் இறக்கச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நடந்து போகிறவர்களைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023-இல் திறந்தார்கள், அவ்வளவு பெரிசாக இங்கே யாரும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை உடையாத ஒரு பிளாட்பாரமும், எதிர்ப்பக்கம் போக ஒரு சிக்னலும் போதும். இப்போது பெரியவர்கள் கார் கதவுகளுக்கு நடுவே புகுந்து வருகிறார்கள்.

மேனேஜரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார், கட்டை அதே இடத்தில்தான் இருக்கிறது. போகிறவர்கள் வார நாளில் காலை பதினோரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். சனிக்கிழமைதான் முடியும் என்றால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள், அப்புறம் வடக்குப் பக்கப் படிக்கட்டில் ஏறினால் காய்கறிக் கடை பக்கத்திலேயே வரும்.