இரண்டு மணிலா காசு வாங்கினேன்

பழைய நாணயங்கள் விற்கும் ஓர் இணையக் கடையில் போன மாதம் இரண்டு மணிலா வாங்கினேன். தபால் செலவோடு 4,200 ரூபாய். முப்பது வருடம் வங்கியில் காசாளராக இருந்தவள் நான். எந்த நாட்டுக் காசு கைக்கு வந்தாலும் முதலில் சுண்டித்தான் பார்ப்பேன்.

மணிலா என்பது குதிரை லாடம் போல வளைந்து, இரண்டு முனையும் விரிந்திருக்கும் கனமான காப்பு. என் தராசில் ஒன்று 84 கிராம், மற்றது 79. போலிகள் நிறையப் புழங்கும் சரக்கு இது. ஆனால் இவை பழசுதான் என்று நம்புகிறேன். உள்வளைவில் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது, வெளிப்பக்கம் மட்டும் கை மாறி மாறி வழவழத்துப் போயிருக்கிறது. குறை என்னவென்றால், ஒன்றைப் பாலிஷ் போட்டு அனுப்பிவிட்டார்கள். அத்தனை வருடக் களிம்பும் போச்சு. கேட்டதற்கு, "பளபளப்பாக இருந்தால்தானே கையில் போட முடியும்" என்று பதில் வந்தது.

எனக்கு மனசே ஆறாதது கூட வந்த சீட்டுதான். 'ஆப்பிரிக்க அடிமை வளையல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். தென்கிழக்கு நைஜீரியாவில் இக்போ, இபிபியோ மக்களின் சந்தைகளில் இதைக் கொடுத்துக் கிழங்கும் எண்ணெயும் வாங்கினார்கள். இது அவர்கள் காசு.

ஆனால் அடிமை என்ற சொல் வந்த காரணமும் உண்மை. கப்பலில் இதை முதலில் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1505 வாக்கில் காலபார் பக்கம் ஓர் ஆளின் விலை 8 முதல் 10 செம்புக் காப்பு. பின்னால் பிர்மிங்காம் பட்டறைகளில் ஈயம் கலந்து வார்த்துக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். அனுப்பியவர்களுக்கு அது மலிவான உலோகம். பதிலுக்கு உள்நாட்டு இக்போ ஊர்களிலிருந்து பிடிபட்டவர்கள் போனி துறைமுகம் வழியாகக் கப்பலேறினார்கள். பிரிட்டன் 1807-இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அப்புறம் அதே காப்புக்குச் செம்பனை எண்ணெய் போனது.

அதற்காக அங்கிருந்தவர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார்கள் என்று நினைக்கக் கூடாது. 1856-இல் அந்தக் கடற்கரைக்கு எதிரே பெர்னாண்டோ போ தீவிலிருந்த பிரிட்டிஷ் தூதர் ஐந்து வகை மணிலாக்களைக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு சந்தையில் செல்வது இன்னொன்றில் செல்லாது, ஒரு வகைக்குப் பாதி மதிப்புதான். தட்டிப் பார்த்து, ஓசையை வைத்தும் தரம் பிரித்தார்கள். இதைப் படித்த அன்று நானும் இரண்டையும் நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினேன். பாலிஷ் போடாதது கணீரென்று கொஞ்ச நேரம் நின்றது. மற்றது சட்டென்று அடங்கிவிட்டது. அந்தச் சந்தைப் பெண்கள் எதை ஒதுக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்!

1901 டிசம்பரில் பிரிட்டிஷ் படை அரோசுக்வுவைப் பிடித்தது. இக்போ நாட்டில் பெரிய வணிகர்களாக இருந்த அரோக்களின் ஊர் அது. அடுத்த வருடமே ஒரு சட்டம் வந்தது: அனுமதியில்லாமல் மணிலா இறக்குமதி செய்யக் கூடாது. நானூறு வருடமாக ஐரோப்பியர்களே கொண்டுவந்து கொட்டிய காசு, ஆட்சி கைக்கு வந்ததும் அவர்களுக்கு வேண்டாததாகிவிட்டது. சந்தை மட்டும் அதை விடவில்லை. 1948-இல் அரசு திரும்ப வாங்கத் தொடங்கி, 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் சேர்த்துப் பழைய உலோக விலைக்கு விற்றது. அதில் தப்பிய இரண்டுதான் என் மேஜையில் இருக்கின்றன.

பொருளுக்கு ஐந்தில் நான்கு, கடைக்கு இரண்டு. வாங்குவதென்றால் பாலிஷ் போடாததாகக் கேளுங்கள். ஈயம் இருப்பதால் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம், நீங்களும் அணிய வேண்டாம். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே ஒன்று எழுதி வைத்தேன்: 'காசு. கிழக்கு நைஜீரியா. 1949 வரை செல்லுபடி.'