செபிலோக்கா, ஞாரு மென்டெங்கா?

தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளைக் காட்டுக்குத் திருப்ப போர்னியோ தீவில் இரண்டு பாணிகள் உண்டு.

மலேசியாவின் சபா மாநிலத்தில் 1964இல் தொடங்கிய செபிலோக் மறுவாழ்வு மையத்தில், அதை ஒட்டிய காட்டிலேயே விடுகிறார்கள். மேடையில் தினம் இரண்டு வேளை உணவு. அதையும் வேண்டுமென்றே மாற்றாமல் வைக்கிறார்கள், அலுத்துப்போய்த் தானே தேடட்டும் என்று! கண்காணிப்பது எளிது, டிக்கெட் காசும் வருகிறது. ஆனால் மனிதர் அருகிலேயே இருப்பதால் நோய் தொற்றலாம். மேடையை மறக்காதவையும் உண்டு.

இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் 1999இல் தொடங்கிய ஞாரு மென்டெங் வேறு ரகம். எந்தப் பழத்தைத் தின்பது, கூடு எப்படிக் கட்டுவது என்று குட்டி தாயிடம் ஆறேழு ஆண்டு கற்பதை, இங்கே பணிப்பெண்கள் ‘காட்டுப் பள்ளி’யில் பழக்குகிறார்கள். அப்புறம் ஆற்றுத் தீவு. ஒராங்குட்டான் நீந்தாது, தண்ணீரே வேலி. அதிலும் தேறினால்தான் தொலைதூரக் காடு. 2012இல் புக்கிட் பத்திகாப் என்ற காட்டில் விடத் தொடங்கினார்கள், ரேடியோ கருவி பொருத்தி.

செலவும் காலமும் அதிகம்தான். ஆனாலும் என் ஓட்டு இரண்டாவதற்கே: மனிதரைத் தேடி வராத விலங்குதான் காட்டு விலங்கு. பார்வை இழந்தது, தீராத நோயுள்ளது என்றால் சரி, அவற்றுக்கு மேடையும் பராமரிப்பும் வேண்டும்.