சிட்டையா, டேலியா, ஈஆர்பியா? மண்டபம் மீன் கம்பெனிக்கு எது சரி

100 கிலோ கணவாயை மண்டபத்தில் கிலோ 300 ரூபாய்க்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ஐஸ், வண்டி வாடகை 1,200. தரம் பிரித்ததில் தேறியது 92 கிலோ. அடக்க விலை கிலோவுக்கு 339 ரூபாய். கையால் எழுதும் கொள்முதல் சிட்டையில் இருப்பதோ 300. 335-க்கு விற்றுவிட்டு லாபம் என்று நினைத்தால், கிலோவுக்கு 4 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும். இதை எந்த முறை எப்போது காட்டிக்கொடுக்கும்?

சிட்டை எழுதி மாதக் கடைசியில் டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றுவது மலிவு, பழகியதும்கூட. ஆனால் நஷ்டம் தெரியவரும்போது சரக்கு என்றோ போயிருக்கும். எக்செல் மட்டும் வைத்திருக்கும் பதிவுபெற்ற கம்பெனிகளுக்கு இன்னொரு சிக்கல்: கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம்.

டேலியிலேயே கணக்கையும் சரக்கிருப்பையும் இணைத்து ஓட்டுவது இரண்டாவது வழி. டேலியில் மீன் இறங்கும் தளத்துக்கு ஒரு குடோன், ஒரு படகின் ஒரு நாள் வரத்துக்கு ஒரு பேட்ச் (சரக்குத் தொகுதி). தண்ணீர் வடியக் கழிக்கும் எடைக்கு, நிஜ அளவும் பில் அளவும் தனித்தனிக் கட்டத்தில். 100 கிலோ 92 ஆவதை அன்றே உற்பத்தி ஜர்னல் (Manufacturing Journal) என்ற பதிவில் ஐஸ் செலவோடு பதிய வேண்டும். பலர் தவறுவது முன்பணத்தில்: படகுக்குக் கொடுத்ததைக் கொள்முதலில் எழுதினால், மீன் வருமுன்னே அடக்கம் ஏறிவிடும். படகுக்கு ஒரு பேரேடு வைத்து, வரத்துக்கு வரத்து கழியுங்கள். விற்றவர் மீனவரா ஏஜெண்டா என்பதும் சிட்டையிலேயே இருக்கட்டும். ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது; மீனவரிடம் நேரடியாக எடுத்ததற்குத்தான் இதில் விலக்கு உண்டு.

மூன்றாவது வழி ஈஆர்பி: கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாம் ஒன்றாக ஓடும் மென்பொருள். ஈஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றில் சூப்பர்வைசர் போனில் எடையைப் பதிந்ததும் பேரேடும் மாறும். பிறகு வரும் ஐஸ் பில்லைக்கூட அந்தச் சரக்குத் தொகுதியின் மேலேயே ஏற்றலாம். ஆனால் கெடுப்பதும் சுலபம். வரவுக்கு முன் அனுப்புகையைப் பதிய அனுமதித்தால் இருப்பு மைனஸாகி அடக்கம் பொய்யாகும். ஒரே மீனுக்கு மூன்று பெயர் இருந்தால் மூன்று இருப்பு காட்டும்.

ஒரு இறங்குதளம், ஒரு தரம்பிரிப்புக் கூடம் என்றால் டேலி இணைப்பே தாராளம். ராமேஸ்வரம், தொண்டி, கீழக்கரை எனப் பல இடத்தில் எடுத்து, சொந்தக் குளிர்பதன ஆலையும் வைத்திருப்பவருக்கே ஈஆர்பி செலவு கட்டும்.

மாறுவதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். இருப்பு எண்ணுவது எளிது. நாட்டுப்படகுச் சரக்கு வந்துகொண்டிருக்கும்; அதை வைத்து இரண்டு வாரம் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டிப் பாருங்கள்.