ஏஞ்சல்ஸ் க்ரை: ஆங்ராவின் முதல் ஆல்பத்தை வருஷக்கணக்கில் கேட்ட அனுபவம்

புது ஆல்பம் வந்த வாரத்திலேயே இரண்டு தடவை கேட்டுவிட்டு நட்சத்திரம் போடுவது சுலபம். பாட்டு பழகியபிறகும் நிற்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். அதனால் 1993-இல் வந்த ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரேசில் நாட்டு ஆங்ரா என்ற ப்ரோக்ரசிவ் பவர் மெட்டல் குழுவின் முதல் ஆல்பம், 'ஏஞ்சல்ஸ் க்ரை'. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வேலைக்குப் போகும்போதும், ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போதும், ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்தபிறகு ஹெட்ஃபோனிலும் இதைக் கேட்டிருக்கிறேன். எது தேய்ந்துபோனது, எது தேயவில்லை என்று இப்போது என்னால் தைரியமாகச் சொல்ல முடியும். இந்த ஆல்பத்தில் நம்மை உள்ளே இழுத்துப் போடுவது வேகமான பாட்டுகள், போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது வேகம் குறைந்த பாட்டுகள். இதுதான் என் முடிவு.

ப்ரோக்ரசிவ் பவர் மெட்டல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்டல் என்பது மின்கிட்டார் கனமாக ஒலிக்கும் ராக் வகை. அதில் பவர் மெட்டல் என்பது ஜெர்மனியின் ஹெலோவீன் குழு 1987, 88-இல் இரண்டு பாகமாக வெளியிட்ட 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' ஆல்பங்கள் போட்ட பாதை. டபுள் பேஸ் டிரம்ஸ், அதாவது இரண்டு காலாலும் அடிக்கிற பெரிய டிரம், ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு கிட்டார் சேர்ந்து மெட்டு வாசிக்கும், பாடகர் உச்சஸ்தாயியில் பாடுவார், பல்லவி வந்தால் கூடவே பாடத் தோன்றும். இதோடு நடுவில் தாளம் மாறுவது, பாட்டு பல பகுதிகளாகப் பிரிவது, பல்லவி சரணம் என்ற ஒழுங்கை விட்டு விலகிப் போய்த் திரும்பி வருவது எல்லாம் சேர்ந்தால் ப்ரோக்ரசிவ். மலேசியாவில் வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியமான சத்தம் இல்லை என்று நான் நினைக்கிறேன். 1989-இல் சர்ச் என்ற மலாய் ராக் குழுவின் 'இசபெல்லா' இந்த நாட்டில் ஒலிக்காத இடம் கிடையாது. ரோக் கபாக் என்கிற அந்த மலாய் ராக் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஓர் ஆண் அவ்வளவு உயரத்தில் உருகிப் பாடுவது ஏற்கெனவே பழக்கம்தான்.

ஆங்ராவின் பாடகர் ஆந்த்ரே மாட்டோஸ் இந்த ஆல்பம் வந்தபோது 22 வயதுப் பையன். அதற்கு முன்பே வைப்பர் என்ற குழுவில் பாடி இரண்டு ஆல்பம் போட்டுவிட்டார். கல்லூரியில் இசையமைப்பும் இசைக்குழு நடத்துவதும் படித்தவர். கிட்டாரில் கீக்கோ லொரேரோ, ரஃபாயல் பிட்டென்கோர்ட், பேஸ் கிட்டாரில் லூயிஸ் மரியுட்டி. சாவ் பாவ்லோவில் உருவான குழு. ஆனால் பதிவு நடந்தது ஜெர்மனியில், ஹம்பர்க் நகரில், ஹெலோவீனிலிருந்து விலகி காமா ரே குழுவை ஆரம்பித்திருந்த கை ஹான்சனின் ஸ்டுடியோவில். தயாரித்தவர்கள் சார்லி பவர்ஃபைண்டும் சாஷா பேத்தும். பெரும்பாலான பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர் குழுவைச் சேர்ந்தவர் இல்லை, அலெக்ஸ் ஹோல்ஸ்வார்த் என்ற ஜெர்மானியர். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆல்பம் முழுக்க இந்த இரண்டு ஊரும் கேட்கிறது. பாதி நேரம் ஹம்பர்க், பாதி நேரம் பிரேசில். பிரேசில் மேலே வருகிற இடங்கள்தான் என்னிடம் தேயாமல் இருக்கின்றன.

முதலில் 'அன்ஃபினிஷ்ட் அலெக்ரோ'. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1822-இல் எழுத ஆரம்பித்து முடிக்காமலே விட்ட 8-ஆம் சிம்ஃபொனியை எடுத்து ஒரு நிமிஷத்துச் சொச்சத்தில் முன்னுரை மாதிரி வாசிக்கிறார்கள். கீபோர்டு சத்தம் அந்தக் காலத்தது, இன்று கேட்டால் வயசு தெரிகிறது. அது முடிகிற மூச்சிலேயே 'கேரி ஆன்' பாய்ந்து வருகிறது. இந்த இணைப்பு முக்கியம். ஃபோனில் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டாலோ, பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழும்படி வைத்திருந்தாலோ பாதி சுகம் போய்விடும். நான் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழைய சிடி ஒன்றைத் தேடி வாங்கியதே அந்த ஒரு நொடி அறுபடாமல் வேண்டும் என்பதற்காகத்தான்.

'கேரி ஆன்' பற்றிப் புதிதாக என்ன சொல்வது, பவர் மெட்டல் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. வேகமாக ஓடுகிறது, பல்லவி வானத்துக்குப் போகிறது. ஆனால் நடுவில் ஓட்டத்தை நிறுத்தி, தாளத்தை மாற்றி, பேஸும் கிட்டாரும் மாறி மாறிப் பேசுகிற ஒரு பகுதி இருக்கிறது பாருங்கள், இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் காத்திருந்து கேட்பது அதைத்தான். உண்மையைச் சொன்னால் பல்லவி எனக்குப் பழகிப்போய்விட்டது. கார் ஓட்டும்போது உற்சாகம் தருகிறது, சரி, அவ்வளவுதான்.

தலைப்புப் பாட்டான 'ஏஞ்சல்ஸ் க்ரை' வேறு ரகம். நடுவில் இத்தாலிய வயலின் மேதை பகனினியின் 24-ஆம் கப்ரீஸ் என்ற தனி வாசிப்பு வருகிறது, வயலினுக்காக எழுதப்பட்டது கிட்டாரில். மெட்டல் குழுக்கள் மேற்கத்திய செவ்விசையைத் தொட்டாலே சிலருக்குச் சந்தேகம் வரும், படித்ததைக் காட்டிக்கொள்கிறார்களோ என்று. இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' போட்டபோது பாஹையும் தியாகராஜரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தார், அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கடன் வாங்குவதில் தப்பு இல்லை, வாங்கியதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். பகனினி அந்தப் பாட்டை எழுதியதே வாசிப்பவரின் விரல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பதற்கு. கிட்டார் வித்தையை நம்பி நிற்கிற ஒரு பாட்டின் நடுவில் அது வரும்போது வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் மாதிரி இயல்பாக இருக்கிறது. அதே ஆல்பத்தில் 'ஈவில் வார்னிங்' பாட்டில் இன்னொரு இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'குளிர்காலம்' வருகிறதே, அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அழகாக இருக்கிறது, ஆனால் எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும்.

சரி, இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான பாட்டுக்கு வருகிறேன். 'நெவர் அண்டர்ஸ்டாண்ட்'. ஏறக்குறைய எட்டு நிமிஷம். வேகம் இல்லை, டபுள் பேஸ் முழக்கம் இல்லை. ஆரம்பத்திலேயே பேஸும் கிட்டாரும் சேர்ந்து ஒரு நடையைப் பிடிக்கின்றன, அது ஐரோப்பிய நடை இல்லை என்று முதல் சில நொடியிலேயே தெரிந்துவிடும். பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களில் ஆடுகிற பையாவ் தாளம் அது. லூயிஸ் கொன்சாகா என்ற அக்கார்டியன் கலைஞர் 1940-களில் வானொலி வழியாக நாடு முழுக்கப் பரப்பியது. நம்ம கணக்கில் சொன்னால் எட்டு மாத்திரையை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரிப்பது, தகிட தகிட தக. வாயால் சொல்லிக்கொண்டே கையைத் தட்டிப் பாருங்கள், கடைசி 'தக' சீக்கிரம் முடிந்து அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடும். அந்தத் தள்ளல்தான் அந்த நடையின் உயிர்.

என் அக்கா மகன் செந்தூலில் உறுமி மேளக் குழுவில் அடிக்கிறான். தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு இறங்கினால் ராத்திரி முழுக்க அவனுக்குத் தூக்கம் கிடையாது. மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிற பையன். ஒரு நாள் என் வண்டியில் வந்தபோது இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தொடையில் தட்ட ஆரம்பித்துவிட்டான். "மாமா, இது எந்த ஊரு அடி?" என்று கேட்டான். பிரேசில்டா என்றேன். "திருப்பிப் போடுங்க மாமா, முதல்லேருந்து." பையாவ் தாளத்துக்கு அடிப்படையான வாத்தியம் சபும்பா என்ற முரசு. மேல் பக்கத்தைத் தடித்த கோலால் அடிப்பார்கள், கீழ்ப் பக்கத்தை மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். இதைச் சொன்னதும் அவன் உடனே, நம்ம உறுமியிலும் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வேலை, ஒரு பக்கம் அடி, ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பு என்றான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. தோலில் அடித்து நடக்க வைக்கிற ஜனங்கள் எங்கே இருந்தாலும் இந்தப் பாட்டு போய்ச் சேரும் என்பதுதான் நான் கண்டது. அந்தப் பையனுக்கு 'கேரி ஆன்' இன்றுவரை பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டின் கடைசியில் கை ஹான்சன், காமா ரேயின் டிர்க் ஷ்லேக்டர், தயாரிப்பாளர் சாஷா பேத் ஆகியோர் வந்து கிட்டார் வாசிக்கிறார்கள். பிரேசில் தாளத்தில் ஆரம்பித்த பாட்டின் முடிவில் ஜெர்மன் விருந்தாளிகள். ஹம்பர்க் ஸ்டுடியோவில் அந்தப் பையன்களுக்குக் கிடைத்த மரியாதை இதில் கேட்கிறது. மூன்று வருஷம் கழித்து, 1996-இல், இதே விதையைத்தான் 'ஹோலி லேண்ட்' என்ற முழு ஆல்பமாக வளர்த்தார்கள். போர்த்துகீசியர் பிரேசிலில் வந்து இறங்கிய காலத்தை வைத்து எழுதியது, ஊர்த் தாளங்கள் நிறைய. நம்ம பக்கத்து சிங்கப்பூரில் ருத்ரா குழு 1992-இல் தொடங்கி, சமஸ்கிருத சுலோகத்தையும் இந்திய இசையையும் எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்கிற இன்னும் முரட்டு வகையோடு சேர்த்தது. கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் உலகத்தின் இரண்டு மூலைகளில், மெட்டல் எங்கள் வீட்டு மொழியையும் பேசும் என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயம். வெளியிலிருந்து வந்த இசையை அப்படியே வாசித்துக் காட்டினால் திறமை மட்டும்தான் தெரியும்.

மற்ற மெதுவான பாட்டுகளும் என்னிடம் நன்றாக நின்றிருக்கின்றன. 'டைம்' மென்மையாக ஆரம்பித்துக் கனமாக மாறுகிறது, அந்த மாற்றம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எதிர்பாராத மாதிரியே இருக்கிறது. 'ஸ்டாண்ட் அவே' பாட்டில் மாட்டோஸ் எவ்வளவு உயரம் போகிறார் என்பது பேச்சு ஆகும், நான் கவனிக்கச் சொல்வது அவர் கீழே இறங்கி வருகிற இடங்களை. கடைசிப் பாட்டு 'லாஸ்டிங் சைல்ட்' இரண்டு பாகம், இரண்டாவதில் பாட்டே இல்லாமல் வாத்தியங்கள் மட்டும். ஆரம்ப வருஷங்களில் இதை நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன், இப்போது இது ஓடாமல் ஆல்பம் முடிந்ததாகவே தோன்றுவதில்லை.

குறைகளும் உண்டு. டிரம்ஸ் சத்தம் வறட்சி. ஹோல்ஸ்வார்த்தின் வாசிப்பு துல்லியம், அதில் குறை சொல்ல முடியாது, ஆனால் பதிவில் அந்த அடிக்குக் கனம் சேரவில்லை. கார் ஸ்பீக்கரில் பேஸை ஏற்றினாலும் சரியாவதில்லை. கிட்டார்களும் கொஞ்சம் மெலிந்துதான் கேட்கின்றன. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் இரண்டு கிட்டாரும் பிரிந்து தெளிவாகக் கிடைக்கும், அதனால் அதையே சிபாரிசு செய்கிறேன். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் டுமாரோ' எனக்கு வெறும் நிரப்பல்தான். அப்புறம் ஆங்கிலப் பாடகி கேட் புஷ் 1978-இல் பாடிய 'வுதரிங் ஹைட்ஸ்', அதை இந்த ஆல்பத்தில் இவர்கள் மறுபடி பாடியிருக்கிறார்கள். ஒரு பெண் குரலின் உயரத்தை ஆண் தொட்டுப் பாடுவது சாமர்த்தியம், நிறையப் பேர் இதைக் கொண்டாடுகிறார்கள், எனக்கோ சொந்தப் பாட்டுகளின் நடுவில் இது வழியை மறிக்கிறது. பாடல் வரிகள் சாதாரணம். நம்பிக்கை, காலம், வலி என்று பொதுவாகப் போகும், வரிகளுக்காக யாரும் இந்த ஆல்பத்தைத் தேடிப் போக வேண்டாம்.

குரல் பற்றி ஒரு எச்சரிக்கை. மாட்டோஸின் குரல் மெல்லியது, நாடக மேடை மாதிரி உணர்ச்சி அதிகம், முரட்டுக் குரல் வேண்டுமென்பவர்களுக்கு முதல் பாட்டிலேயே எரிச்சல் வரலாம். எனக்கு அந்தக் குரல்மேல் பிரியம். அவர் 2019 ஜூன் 8-ஆம் தேதி 47 வயதில் மாரடைப்பால் இறந்தார். அந்த வாரம் நான் இந்த ஆல்பத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. 2000-இலேயே அவரும் மரியுட்டியும் ஆங்ராவை விட்டுப் போய்விட்டார்கள், குழு வேறு பாடகரோடு 2001-இல் 'ரீபர்த்', 2004-இல் 'டெம்பிள் ஆஃப் ஷேடோஸ்' என்று பெரிய ஆல்பங்கள் செய்தது, லொரேரோ பின்னால் அமெரிக்காவின் புகழ்பெற்ற மெகாடெத் குழு வரைக்கும் போய் வாசித்தார். சத்தத்தில் அந்த ஆல்பங்கள் இதைவிடத் தேர்ந்தவை, ஒத்துக்கொள்கிறேன்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் முதல் தடவை வரிசையாகக் கேளுங்கள், 'அன்ஃபினிஷ்ட் அலெக்ரோ'வைத் தாண்டாமல். மெட்டலே பிடிக்காதவர்களுக்குக் காட்டுவதாக இருந்தால் நேராக 'நெவர் அண்டர்ஸ்டாண்ட்' போடுங்கள், கொஞ்சம் சத்தமாக. அது பிடித்துவிட்டால் அடுத்தது 'ஹோலி லேண்ட்'. 'கேரி ஆன்' மாதிரி வேகம்தான் வேண்டும் என்றால் 'ரீபர்த்'.