பெயர் வைக்கப்படாத இடுப்புவலி: ஊசியா, ஸ்கேனா, எண்ணெயா, பயிற்சியா?

மூன்று மாதத்துக்கு மேல் விடாத இடுப்புவலி. பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை சுருக்கென்று இறங்கும் இழுப்பு, பாதத்தில் மதமதப்பு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். இல்லாவிட்டால் 'தேய்மானம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நடவும் களையும் மூட்டையும் தறிக்குழியுமாக வாழும் டெல்டாவில் இப்படி நடமாடுபவர்கள் ஏராளம். இவர்களுக்கு முன் இருக்கும் வழிகள்: தெருமுனை கிளினிக், நேரே ஸ்கேன் சென்டர், தஞ்சை மெடிக்கல் போன்ற அரசு மருத்துவமனை, கும்பகோணத்திலோ திருச்சியிலோ தனியார் நிபுணர், சித்த மருத்துவம், பிசியோதெரபி. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குத்தான் பதில் வைத்திருக்கிறது. கேள்வி மாறிப்போனால் பணமும் போகும், மாதங்களும் போகும்.

ஒப்பீட்டுக்கே இடமில்லாத நிலைமைகளை முதலில் ஒதுக்கிவிடுவோம். சிறுநீர் கழிக்க முடியாமல் நின்றுபோவது, மலம் தன்னையறியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போவது, இரண்டு காலும் ஒருசேரத் தளர்வது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே நரம்பு அறுவை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம். நடக்கும்போது பாதம் தொங்கிச் செருப்பு தரையில் உரசினாலும் ஓரிரு நாளுக்குள் காட்டிவிட வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். எலும்பு கணிசமாக அரிக்கப்பட்ட பிறகுதான் அது எக்ஸ்ரேயில் தெரியும். ஆகவே 'எக்ஸ்ரே நார்மல்' என்பது இங்கே ஆறுதலே இல்லை. இதற்கான மாத்திரைகளை அரசு இலவசமாகத் தருகிறது.

ஸ்கேன் முதலா, கைப்பரிசோதனை முதலா?

டெல்டாவில் அதிகப் பணம் கரைவது இந்த இடத்தில்தான். வலி வந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் 'எல்லாம் தெரிந்துவிடும்' என்ற நம்பிக்கை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு, முதுகெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கில் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதில் 80 சதவீதம். டிஸ்க் பல்ஜ், அதாவது டிஸ்க் சற்றுப் பிதுங்குவது, ஐம்பது வயதில் 60 சதவீதம் பேருக்கு. அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று இருப்பதாலேயே வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக ஆகாது. 'எக்ஸ்ட்ரூஷன்' (டிஸ்க்கின் உள்பகுதி வெளியே பிதுங்குவது), 'நெர்வ் ரூட் காம்ப்ரெஷன்' (நரம்பு வேர் நசுங்குவது) என்ற சொற்களுக்கு எடை அதிகம். அப்போதும் ஸ்கேன் காட்டும் பக்கமும் வலிக்கும் காலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கேன் இடது என்றும் வலி வலது என்றும் இருந்தால் அந்த டிஸ்க் மேல் பழிபோடுவது சரியில்லை.

கைப்பரிசோதனைக்குச் செலவே இல்லை. பத்து நிமிடம் ஆகும். குதிகாலால் பத்தடி நடக்க முடியவில்லை, கட்டைவிரலை மேலே தூக்கினால் பலமில்லை, மரப்பு பாதத்தின் மேற்புறத்தில் என்றால் முதுகெலும்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வேர்களில் எல்5-ஐச் சந்தேகிக்கலாம். ஒற்றைக்காலில் நின்று குதிகாலைப் பத்து முறை உயர்த்த முடியவில்லை, மரப்பு பாதத்தின் வெளிவிளிம்பில் என்றால் எஸ்1. முழங்கால் மடங்கி விழப்பார்க்கிறது, மரப்பு முழங்காலுக்குக் கீழே உள்பக்கத்தில் என்றால் எல்4. மல்லாக்கப் படுத்து, நீட்டிய காலை இன்னொருவர் தூக்கும்போது 30 முதல் 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே மின்சாரம் அடித்தமாதிரி இறங்கினால் நரம்பு வேரில் எரிச்சல் இருக்கிறது. தொடையின் பின்புறம் மட்டும் இழுத்தால் அது தசை இறுக்கம். இவற்றை வீட்டிலேயே பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், கூட்டமான புறநோயாளர் பிரிவிலும் மருத்துவருக்கு வேலை பாதி முடிந்துவிடும்.

ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அபாய அறிகுறி இருந்தாலோ, பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ, ஆறு வாரம் முறையாகச் சிகிச்சை எடுத்தும் கால்வலி அசையாமல் முதுகெலும்பில் போடும் ஊசியோ அறுவையோ யோசிக்கும் கட்டம் வந்தாலோ எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும்போது 1.5 டெஸ்லா (காந்தபலத்தின் அளவு) இயந்திரமா என்று கேளுங்கள். பலம் குறைந்த திறந்தவகை இயந்திரங்களில் நரம்பு வேர் மங்கலாகத் தெரியும். இடுப்போடு முழு முதுகெலும்பையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லலாம். படம் தெளிவாக விழ ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து எல்லோருக்கும் தேவையில்லை. கிருமித்தொற்று, கட்டி, முன்பு செய்த அறுவை ஆகியவற்றில்தான் தேவைப்படும். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. வரிசை மட்டும் நீளம்.

ஸ்கேனில் சிக்காதவை

'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்படுபவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் ஏதோ இருக்கிறது, தேடிய இடம்தான் தப்பு. இரண்டு பாதமும் ஒரே அளவில், விரல் நுனியிலிருந்து மேலேறி எரிந்தால் அது பெரும்பாலும் சர்க்கரை நரம்புநோய். இடுப்பை எத்தனை முறை ஸ்கேன் எடுத்தாலும் கிடைக்காது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி ரத்தச் சோதனை போதும். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இதே எரிச்சல் வரலாம். அதையும் அளந்துவிட வேண்டும். அளக்காமலே 'நரம்பு மாத்திரை' என்று பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் ஆண்டுக்கணக்கில் விழுங்குவது வீண். பற்றாக்குறை இருப்பவருக்கு மட்டுமே அது மருந்து. தோலில் உணர்ச்சியற்ற, நிறம் வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை.

வயது நாற்பத்தைந்துக்குக் கீழ், காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு, பின்னிரவில் எழுப்பும் வலி, படுத்தால் கூடி நடந்தால் குறையும் என்றால் அங்கிலோசிங் ஸ்பாண்டிலிடிஸ் என்ற அழற்சி வாதம். இதற்கு இடுப்பு டிஸ்க்கைப் படமெடுப்பதில் பயனில்லை, முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டைத் தனியாக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்ல வேண்டும். ஹெச்.எல்.ஏ. பி27, சி.ஆர்.பி. என்ற ரத்தச் சோதனைகள் துணைநிற்கும். இளைஞன் சோம்பேறி என்று வீட்டில் திட்டு வாங்கும் நோய் இது. பெயர் கிடைக்கப் பல வருடம் தாமதமாகிறது.

வயதானவருக்கு இருநூறு அடி நடந்ததும் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தால் தெளிந்துவிடுகிறதா? சைக்கிளை நீட்டுங்கள். முன்குனிந்து மிதிக்கும்போது வலி வராவிட்டால் முதுகெலும்புக் குழாய் சுருக்கம். மிதித்தாலும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ரத்தக்குழாய் அடைப்பு. பீடி பிடிப்பவராக இருந்தால் சந்தேகம் இரட்டிப்பு. பெண்களுக்கு மாதவிலக்கோடு கூடிக் குறையும் இடுப்புவலி என்றால் மகப்பேறு மருத்துவரிடம் போவதுதான் சரியான வாசல்.

நரம்பு மின்கடத்தல் சோதனை என்றொன்றும் எழுதித் தருவார்கள். வலி தொடங்கி மூன்று வாரத்துக்குள் எடுத்தால் ஊசிச் சோதனையில் மாற்றமே தெரியாமல் போகலாம். உணர்வுநரம்புச் சோதனையோ வேர் நசுங்கியிருந்தாலும் சரியாகவே இருக்கும். எனவே 'நார்மல்' என்று வந்தால் உங்கள் வலி பொய் என்று யாரும் முடிவுகட்ட முடியாது.

ஊசி, மாத்திரை

தெருமுனை கிளினிக்கின் ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி. சில இடங்களில் அதோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் சேரும். இரண்டு நாள் பறந்தமாதிரி இருக்கும், மூன்றாம் நாள் பழைய கதை. மாதத்துக்கு நாலு தடவை போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், வயிற்றில் புண் வரும். இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை: பிட்டத்தில் தவறான இடத்தில் ஏறும் ஊசி, காலுக்கு இறங்கும் சியாடிக் நரம்பையே காயப்படுத்தும். பிட்டத்தின் மேற்புற வெளிப்பகுதியில் போடவேண்டியதை நடுவில் போட்டால் கால்பாதம் தொங்கிப்போகலாம். நரம்புவலிக்குப் போய் நரம்புச் சேதத்தோடு திரும்புவது இதுதான்.

மாத்திரையில் அசெக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் ஏழு நாள், மிஞ்சினால் பத்து நாள். சாப்பாட்டுக்குப் பின், தேவைப்பட்டால் வயிற்றுக்காப்பு மாத்திரையோடு. சித்திரை வெயிலில் வயலில் நின்று, தண்ணீர் குறைவாகக் குடித்து, இதை விழுங்குவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்கள் சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் சோதனை பார்க்காமல் தொடவே வேண்டாம். வேறு வேறு பெயரில் ஒரே மருந்து இரண்டு சீட்டிலும் இருக்கும், உறையின் பின்புறச் சிறு எழுத்தைப் படியுங்கள்.

ப்ரீகாபாலின் என்ற நரம்புவலி மருந்து டெல்டா மருந்துக்கடைகளில் தாராளமாக ஓடுகிறது. சர்க்கரை நரம்பெரிச்சலுக்கு அது உதவும். இடுப்பிலிருந்து இறங்கும் சியாட்டிகாவுக்கு 2017-இல் வந்த சோதனை ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. தலைசுற்றல் மட்டும் கூடியது. பைக் ஓட்டுபவரும் இரவில் கொல்லைக்குப் போகும் முதியவரும் கவனிக்க வேண்டிய விஷயம். நீண்டநாள் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. தூக்கமில்லாத நரம்புவலிக்கு இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் மலிவான மாற்று. ஆனால் புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும்.

எண்ணெயும் பயிற்சியும்

சித்த மருத்துவத்தையும் பிசியோதெரபியையும் எதிரிகளாக நிறுத்துவது டெல்டா வழக்கம். இரண்டும் வேறு வேலை செய்கின்றன. நொச்சி இலை ஒற்றடம், எண்ணெய்த் தொக்கணம் (சித்த முறைப் பிடித்துவிடல்) இரண்டும் இறுகிய தசையைத் தளர்த்தி ஓரிரு நாள் நிம்மதி தரும். அந்த நிம்மதியில் நடக்கவும் பயிற்சி செய்யவும் முடிகிறதென்றால் அது பெரிய லாபம். பாதம் மரத்த சர்க்கரைக்காரருக்குச் சூட்டு ஒற்றடம் தீக்காயமாக முடியும். வீட்டார் தம் முன்கையில் சூடு பார்த்த பிறகே வைக்க வேண்டும். கால் பலவீனம் இருக்கும்போது முதுகைச் சொடுக்கு எடுப்பதும், ஏறி மிதிப்பதும் வேண்டவே வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவு மருந்துக்கும், சந்தையில் பெயரில்லாப் பொட்டலத்தில் கிடைக்கும் பொடிக்கும் மலையளவு தூரம். பொடி சாப்பிட்ட சில வாரத்தில் வலி மாயமாகி, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அப்போதும் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் பொட்டலத்தோடு போங்கள்.

பெயர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தொடரவேண்டியது பயிற்சிதான். குப்புறப் படுத்து ஐந்து நிமிடம். பிறகு முழங்கையை ஊன்றி இரண்டு நிமிடம். பிறகு இடுப்பைத் தரையில் வைத்தபடி கையை நீட்டி மேலுடலைப் பத்து முறை உயர்த்துவது. ஒரு நாளைக்கு நாலு வேளை. வலி பாதத்திலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறி வந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும், சரியான திசை. கீழே இறங்கினால் அன்றைக்கு நிறுத்துங்கள். முதுகெலும்புக் குழாய் சுருக்கம் உள்ளவருக்கு இது எதிர்த்திசை. முழங்காலை மார்போடு அணைப்பதுதான் அவருக்கு.

நடையில் ஒரு கணக்கு: பத்தாவது நிமிடத்தில் வலி வந்தால் ஏழு நிமிடத்தில் திரும்பிவிடுங்கள், காலை மாலை இரு வேளை. மூன்று நாளுக்கொரு முறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். வலி தீர்ந்தவர்களிடம் 2024-இல் நடந்த ஆஸ்திரேலிய ஆய்வில், படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பி வர இடைப்பட்ட காலம் 208 நாள். செய்யாதவர்களுக்கு 112 நாள். வலி மோசமான நாளில் பாதியாகக் குறையுங்கள், பாயில் விழுந்துவிடாதீர்கள். நடக்க முடியாதவருக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வரும் வசதி உண்டு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது மோசம். கோலம், கொட்டில் கூட்டுதல், குடம் தூக்குதல் எல்லாம் அதன் பிறகு, அல்லது வேறொருவர். நடவில் இருபது நிமிடத்துக்கொருமுறை நிமிர்ந்து பின்பக்கம் ஐந்து தரம் வளையுங்கள். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையை இருவர் பிடித்து ஏற்ற வேண்டும். பெல்ட் பஸ் பயணத்துக்கும் பவர் டில்லருக்கும் மட்டும் போதும். நாளெல்லாம் கட்டுவதால் முதுகுக்குப் பலம் வருவதில்லை.

கத்தி

அறுவை கால்வலிக்கு உதவும், இடுப்புவலிக்கு நம்பிக் கொடுக்க முடியாது. சியாட்டிகாவில் சீக்கிரம் அறுத்தவர்களுக்கு நிவாரணம் விரைவாக வந்தாலும், ஒரு வருட முடிவில் அவர்களும் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்ததை 2007-இல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. காத்திருந்தவர்களில் சிலர் பிறகு அறுவைக்குப் போனதும் உண்மை. நரம்பு வேரின் பெயர், ஸ்கேன், கைப்பரிசோதனை மூன்றும் ஒரே விரலை நீட்டாதபோது திருகாணி போட்டு இணைக்கும் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். வேறொரு ஊரில் இரண்டாவது கருத்து கேளுங்கள். எந்த மருத்துவரானாலும் கேட்கவேண்டியது இவ்வளவே: எந்த நரம்பு, எந்தப் பக்கம், எந்தச் சோதனையில் அது தெரிந்தது? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. குறிப்பிட்ட அறுவை அந்த மருத்துவமனையில் பட்டியலில் இருக்கிறதா என்பதை அனுமதிக்கும் முன்பே காப்பீட்டுத் தொடர்பாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.