யூனிட் மரக்கட்டைகள்: மழலையர் வகுப்புக்கு எப்படிப்பட்ட தொகுப்பு வாங்கலாம்?

மழலையர் வகுப்புக்கு ஒரே ஒரு பெரிய சாமான்தான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் யூனிட் மரக்கட்டைத் தொகுப்பை, அதாவது ஒரே அடிப்படை அளவின் மடங்கும் பங்குமாக அமைந்த, கட்டி விளையாடும் கட்டைகளை வாங்கலாம். ஆனால் அளவு பிசகாத தொகுப்பாக இருக்க வேண்டும். பிள்ளைகள் இதில் கற்றுக்கொள்வது எல்லாம் அந்த அளவிலிருந்துதான் வருகிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பணியாற்றிய கல்வியாளர் கரோலின் பிராட் வகுத்த அளவுகளே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றாம் கட்டை அல்லது முழுக்கட்டை எனப்படும் அடிப்படைக் கட்டையின் நீளம் 5½ அங்குலம், அகலம் 2¾, தடிமன் 1⅜. ஒவ்வொன்றும் முந்தியதில் சரிபாதி. சதுரமான அரைக்கட்டை, 11 அங்குல இரட்டைக் கட்டை, 22 அங்குல நான்கு மடங்குக் கட்டை, முக்கோணம் எல்லாமே இந்த ஒன்றின் மடங்கோ பங்கோதான். மெட்ரிக் கணக்கில் ஏறக்குறைய 140, 70, 35 மி.மீ.

மலிவான தொகுப்புகள் சறுக்குவது இங்கேதான். 140 மி.மீ. கட்டையை நடுவில் அறுத்து இரண்டு அரைக்கட்டை ஆக்கிவிடுகிறார்கள். ரம்பத்தின் வாயில் 3 மி.மீ. மரம் தூளாகப் போனால், இரண்டையும் சேர்த்து வைத்தாலும் 137 மி.மீ.தான் வரும். ஒரு பக்கம் முழுக்கட்டையைத் தூணாக நிறுத்தி, மறுபக்கம் அரைக்கட்டை இரண்டை அடுக்கி, அப்படியே நான்கு மாடி எழுப்பினால் கூரை 12 மி.மீ. சரிந்து நிற்கும். தப்பு கட்டையில் இருக்க, பிள்ளையோ தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடும். வாங்கும்முன் நான்கு முழுக்கட்டைகளை வரிசையாக வைத்து, பக்கத்தில் நான்கு மடங்குக் கட்டை ஒன்றை வைத்துப் பாருங்கள். பிறகு எட்டு அரைக்கட்டைகளை வைத்துப் பாருங்கள். நுனிகள் ஒன்றாக முடியாவிட்டால் அந்தத் தொகுப்பு வேண்டாம்.

பிள்ளைகள் முதலில் கட்டைகளைச் சும்மா தூக்கிக்கொண்டு அலைவார்கள். பிறகு வரிசையாக வைப்பார்கள், அடுக்குவார்கள். அதன்பின் வரும் பாலம்தான் பெரிய பாடம். இரண்டு கட்டைகளை நிறுத்தி, மேலே ஒன்றை வைக்கப் பார்க்கும்போது இடைவெளி அதிகமாக இருந்தால் கட்டை நடுவே விழுந்துவிடும். அந்த நேரத்தில் நீளமான கட்டையை எடுத்து நீட்டாதீர்கள். தூணை நகர்த்துவதா, கட்டையை மாற்றுவதா என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

இரட்டைக் கட்டை தீர்ந்துபோனால் ஒன்றாம் கட்டை இரண்டை அதற்கு ஈடாக வைப்பார்கள். தரையில் சாலை போட அது பொருந்தும். கூரைக்கு வைத்தால் இரண்டும் நடுவில் பிரிந்து விழும். நீளத்தில் சமமாக இருப்பவை எல்லா வேலைக்கும் சமம் இல்லை என்பதை எந்தப் பயிற்சித்தாளும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது. ‘பாதி’, ‘இதைவிட நீளம்’, ‘நடுவில்’ போன்ற சொற்களும் இந்த விளையாட்டில்தான் வாயில் பழகும்.

விதவிதமான வடிவங்கள் நிறைந்த பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐந்து பேர் ஒரே நேரத்தில் கட்ட 150 கட்டைகளாவது வேண்டும். அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் கட்டையும் இரட்டைக் கட்டையுமாக இருக்கட்டும். வளைவும் உருளையும் கொஞ்சம் போதும். வண்ணம் பூசியவற்றைத் தவிர்ப்பது நல்லது. பிள்ளைகளின் கண் நீளத்தை விட்டுவிட்டு நிறத்தின் பின்னால் போய்விடும். பூச்சும் செதிலாக உதிரும். மேப்பிள், பீச் போன்ற கடினமரமே சரி. பைன் மரம் விழுந்த இடமெல்லாம் குழியும். விளிம்பு விரலை உறுத்தாத அளவுக்கு மழுக்கியிருந்தால் போதும். அளவுக்கு மீறி உருட்டினால் தொடும் பரப்பு குறைந்து அடுக்கு ஆடும்.

கடினமரத்தில் ஒன்றாம் கட்டை ஏறத்தாழ 240 கிராம், நான்கு மடங்குக் கட்டை ஒரு கிலோவை நெருங்கும். அதனால் கட்டுகிறவரின் தோள் உயரத்துக்கு மேல் எழுப்பக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கூடையில் கொட்டி வைத்தால் பாதிப் பயன் போய்விடும். திறந்த அலமாரியில் கட்டையின் நீளப்பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கி, ஒவ்வொரு வடிவத்தையும் காகிதத்தில் வெட்டி அதன் தட்டில் ஒட்டுங்கள். எடுத்து வைப்பதே வகைபிரிக்கும் பாடமாகிவிடும். அலமாரியிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் நாடா ஒட்டி, அதற்குள் யாரும் கட்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் கட்டை எடுக்க வருபவர்கள் மற்றவர் கட்டியதை இடிக்க மாட்டார்கள். கீழே மெல்லிய, இறுக்கமான விரிப்பு போடுங்கள். புசுபுசுவென்ற கம்பளத்தில் எதுவும் நிற்காது.

தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் மரம் உப்பி அளவு கெடும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். சிலாம்பு கிளம்பினால் 120 எண் உப்புத்தாளாலும் பிறகு 220ஆலும் மரத்தின் ரேகையோடு தேய்க்கலாம். பிளந்த கட்டையை ஒட்டிப் பயன்படுத்தாமல் எடுத்துவிடுங்கள். பிற்பாடு உதிரியாக வாங்கப் போகும்போது பழைய கட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் தடிமன் ஓரிரு மில்லிமீட்டர் மாறலாம். பழையதோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.